ஆந்தைக் குளத்துக் கழுகு

உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறதே ஒரு குடும்பப் பெயரோ, வீட்டுப் பெயரோ, பட்டமோ, அதை உங்கள் முன்னோருக்கு வைத்தது யார்? அவர்களைப் பெற்றவர்களா, அவர்களை வேலை வாங்கியவர்களா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே அந்தப் பெயருக்காக நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மியூன்ஸ்டருக்கு வடக்கே, எங்கள் ஊரில், அந்த வேலையை முழுநேரத் தொழிலாகச் செய்துவந்தவர் லூட்கர் ஷுல்ட்சே ஊலன்டீக். எனக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர்.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். ஊலன்டீக் என்றால் எங்கள் நாட்டுப்புறப் பேச்சில் ஆந்தைக் குளம். பண்ணைக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. கரையில் ஆந்தைகள் இருந்திருக்கும். இப்போது குளமும் இல்லை, ஆந்தையும் இல்லை, மக்காச்சோளம் நிற்கிறது. ஷுல்ட்சே என்பது பெயரே அல்ல, உத்தியோகம். சுற்றுவட்ட நிலமெல்லாம் கன்னியர் மடத்துத் தலைவிக்குச் சொந்தமாக இருந்த காலத்தில், குடியானவர்களிடம் தானியத்தையும் கோழியையும் வசூலித்து மடத்துக்கு அனுப்பிய மேலாளுக்கு அந்தப் பட்டம். குடியானவன் செத்துப்போனால், பிணம் வீட்டுக்குள் கிடக்கும்போதே தொழுவத்துக்குப் போய், இருப்பதில் நல்ல மாட்டை மடத்துக்காக அவிழ்த்துக்கொண்டு வருவதும் அவன் வேலைதான். இந்தப் பட்டத்தைத்தான் லூட்கர் பித்தளை எழுத்துகளில் வார்த்து வாசலில் பதித்திருந்தார்.

பெயருக்குக் கீழே ஒரு குலச்சின்னம். அது கொலோன் நகரத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் குலச்சின்னம் வரைந்து தருகிற ஒருவரிடம் சொல்லிச் செய்தது. "பேர்ல ஆந்தை இருக்கே, ஆந்தையே வரைஞ்சிடட்டுமா?" என்று அந்த மனிதர் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். லூட்கருக்குப் பிடிக்கவில்லை. "ஆந்தை பகல்ல தூங்கும். எங்க குடும்பத்துல யாரும் பகல்ல தூங்கினது கிடையாது. கழுகு போடுங்க." ஆக, ஆந்தைக் குளத்துக்காரர்களின் குலச்சின்னத்தில் ஒரு கழுகு வந்து உட்கார்ந்தது. பிறகு அது பியர்க் குவளைக்கும், டிராக்டர் கதவுக்கும், லூட்கரின் கழுத்துப் பட்டைக்கும் பறந்து போனது.

இந்தக் கழுகின் சொந்தக்காரர் 1952இல் பிறந்தது அந்தப் பண்ணை வீட்டில் அல்ல. அதன் பின்புற எல்லையில், பண்ணைக்குச் சொந்தமான ஒரு கூலிக் குடிசையில். அப்பா பெயர் பெர்ன்ட் க்ரூசே. க்ரூசே என்றால் சுருட்டை முடிக்காரன். எந்தக் காலத்திலோ எந்த க்ரூசேக்கோ தலைமுடி சுருண்டிருந்திருக்கிறது. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. ஏழைகளின் பெயருக்கு வரலாறு எழுத எந்தச் சங்கமும் கூடுவதில்லை.

பெர்ன்ட் அந்தக் குடிசைக்குக் கொடுத்த வாடகை அவருடைய உடம்பு. பண்ணையிலிருந்து ஆள் வந்தால், தன் உருளைக்கிழங்கை மண்ணில் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். மேகம் கறுத்தால் முதலில் பண்ணையின் வைக்கோல் உள்ளே போகும், க்ரூசேயின் வைக்கோல் நனையும். ஊரில் யாரும் அவரை க்ரூசே என்று கூப்பிட்டதில்லை. "ஊலன்டீக் பெர்ன்ட்" என்றுதான் சொல்வார்கள். பால் கேனில், சாக்கில், வண்டிப் பலகையில், பண்ணைக்குச் சொந்தமான எல்லாவற்றின் மேலும் அடித்திருந்த முத்திரைதான் அவர் மேலும் அடித்திருந்தது. பையனும் அப்படியே "ஊலன்டீக் லூட்கர்" ஆனான்.

பண்ணைக்காரர் கிளெமென்ஸுக்கு ஒரே மகள், ஹெட்விக். அவளும் லூட்கரும், ஊரே கூடுகிற துப்பாக்கி சுடும் சங்கத்தின் வருடாந்தரத் திருவிழாவில் சேர்ந்து நடனமாடினார்கள், பிறகு நடனமில்லாத இடங்களிலும் சேர்ந்து காணப்பட்டார்கள். கிளெமென்ஸ் கத்தவில்லை. தொழுவத்தில் லூட்கர் வைக்கோல் கட்டுகளைத் தூக்கி மேலே எறிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தோள் நல்லா இருக்கு. பேருதான் சரியில்ல. அதை நான் குடுத்துடறேன்" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பண்ணைக்குள் மாப்பிள்ளையாகப் போகிறவன், தொப்பியைக் கழற்றுவதுபோலத் தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இங்கே பெயர் மனிதனுக்குச் சொந்தமல்ல, மண்ணுக்குச் சொந்தம். யார் அந்த மண்ணில் குடியிருக்கிறானோ அவன் ஊலன்டீக். இருநூறு வருடம் முன்பு பெர்லின்காரர்கள் எங்கள் பகுதியை ஆள வந்தபோது, கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆண்கள் பெயர் மாற்றினால் யாரிடம் வரி கேட்பது, யாரைப் படைக்குப் பிடிப்பது என்று குழம்பி அதைத் தடுத்துப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் "இன்னார் என்கிற ஊலன்டீக்" என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு, பழையபடியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லூட்கர் கல்யாணம் செய்த 1978இல் சட்டமே இடம் கொடுத்தது. மணமகள் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளலாம்.

பதிவு அலுவலகத்தில் "எந்தப் பெயர்?" என்று கேட்டபோது லூட்கர் கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னார். வெளியே படியில் வந்து நின்ற பெர்ன்ட், மகனுக்குக் கைகொடுத்தார்.

"எனக்கு அவங்க சும்மாவே ஒட்டின பேரை, நீ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்க. சந்தோஷமா இரு" என்றார்.

அதே வாரம் கிளெமென்ஸ் மாப்பிள்ளையை நோட்டரியிடம் அழைத்துப்போய் இன்னொரு கையெழுத்தும் வாங்கினார். மனைவியின் சொத்து மனைவிக்கு, கணவனின் சொத்து கணவனுக்கு. கணவனின் சொத்து ஒரு மிதிவண்டி. கிழவர் விவரமானவர். பெயரைக் கொடுத்தார், மண்ணைக் கொடுக்கவில்லை.

லூட்கர் சோம்பேறி அல்ல. மாமனார் காலத்துக்குப் பிறகு தொழுவத்தைப் பெரிதாக்கினார், மாடுகளைப் பெருக்கினார், விடிவதற்கு முன் எழுந்தார். அதையெல்லாம் தன் உழைப்பு என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ரத்தம் என்றார். மண்ணோடு பேசத் தெரிந்த ரத்தம், எழுநூறு வருஷத்து ஊலன்டீக் ரத்தம். முதலில் விளையாட்டாகச் சொல்லியிருப்பார். பிறகு வழக்கமாகியது. கடைசியில் நம்பிவிட்டார். தலையில் இருந்த சுருட்டை முடியும் கொட்டிப்போனதால் க்ரூசேயை நினைவுபடுத்த வேறு எதுவும் மிஞ்சவில்லை.

ஊலன்டீக் குடும்பச் சங்கம் என்று ஒன்று உண்டு. நாடு முழுவதிலிருந்தும் அந்தப் பெயர்க்காரர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பண்ணையில் கூடி, பட்டாணி சூப் குடித்து, தங்களைப் பற்றித் தாங்களே வியந்துவிட்டுக் கலைவார்கள். லூட்கர் அதற்குத் தலைவர். அவருடைய உரையில் "நம் சங்கம் முப்பதுகளில் மலர்ந்தது" என்று ஒரு வரி எப்போதும் வரும். முப்பதுகளில் இந்த நாட்டில் எந்த மாதிரிப் பூக்கள் மலர்ந்தன என்று உங்களுக்குத் தெரியும். பழுப்புச் சட்டைக்காரர்கள் ஊர் ஊராகப் போய் யார் உடம்பில் எந்த ரத்தம் என்று விசாரித்துக்கொண்டிருந்த நேரம். யூத மாட்டு வியாபாரியின் கடைக் கண்ணாடியை உடைத்த அதே ஆட்கள், ஊலன்டீக் பண்ணைக்குத் "தொன்மையான ரத்தம்" என்று ஒரு பலகை கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைக் கொண்டாடக் கூடியதுதான் முதல் கூட்டம்.

அந்தப் பலகையைக் கையில் வாங்கியவர் ஹெட்விக்கின் தாத்தா. அவர் பிறந்தபோது பெயர் டெர்ஹோர்ஸ்ட். பண்ணை வாரிசான ஊலன்டீக் பெண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தவர். அந்தப் பெண் பிள்ளை பெறாமலே காய்ச்சலில் இறந்துபோனாள். அவர் பண்ணையிலேயே இருந்து, பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியை இரண்டாவதாகக் கட்டினார். அவர்களுக்குப் பிறந்தவர்தான் கிளெமென்ஸ். அதாவது பழைய ஊலன்டீக் ரத்தம் ஒரு சொட்டு வேண்டுமென்றால் கல்லறையில்தான் தோண்ட வேண்டும். அதற்கும் முன்னால், பதினேழாம் நூற்றாண்டில் நடந்த முப்பதாண்டுப் போரில் பண்ணை ஆளில்லாமல் கிடந்தபோது, மடத்துத் தலைவி எங்கிருந்தோ ஒரு தம்பதியைக் கூட்டிவந்து குடிவைத்தாள். மறுநாள் காலையில் அவர்களும் ஊலன்டீக்.

இது ரகசியம் அல்ல. பண்ணையின் பெரிய வாசல் உத்தரத்தில், அந்தந்தக் காலத்துத் தம்பதிகளின் பெயர்களை "இன்னார் என்கிற" என்பதோடு சேர்த்தே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழேதான் சங்கத்தார் எல்லோரும் நடந்து உள்ளே போகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் போதும். நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவர்களுக்கு அதுதான் முடிவதில்லை.

லூட்கருக்கும் ஹெட்விக்குக்கும் ஒரே மகள், இம்கே. விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, பன்னிரண்டு வருடமாகப் பண்ணையை நடத்துகிறவள் அவள்தான். லூட்கர் தலைவராக இருந்தார், இம்கே மாடுகளைப் பார்த்தாள். அவள் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிற டீர்க் ஹோல்ட் என்பவனைக் கல்யாணம் செய்யத் தீர்மானித்தபோது வயிற்றில் ஆறு மாதம். லூட்கருக்கு வயிறு பிரச்சினையாகத் தெரியவில்லை. பெயர்தான் பிரச்சினை.

அன்று நான் கடன் வாங்கிய உழவுச் சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கப் போய், சமையலறையில் காப்பியோடு மாட்டிக்கொண்டேன்.

"டீர்க், பண்ணைக்குள்ள வர்ற எல்லா மாப்பிள்ளையும் பேர் மாத்தியிருக்காங்க. உனக்கு மட்டும் என்ன தனிச்சட்டம்?" என்றார் லூட்கர்.

"எங்கப்பா சுரங்கத்துல தூசி தின்னே செத்தவரு, லூட்கர். அவர்கிட்டேர்ந்து எனக்கு வந்தது இந்தப் பேர் ஒண்ணுதான். நான் உங்க மகளை மாத்தச் சொல்லலையே. அவ அவளோட பேர்லயே இருக்கட்டும், நான் என்னோடதுல இருக்கேன்."

"பிள்ளை?"

"பிள்ளைக்கு ஹோல்ட்" என்றாள் இம்கே. "நாங்க பேசிட்டோம்."

"ஊலன்டீக் பண்ணையில ஒரு ஹோல்ட்டா?"

"பண்ணையில பூனை இருக்கு, அதுக்குப் பேரே கிடையாது. நீ மாத்திக்கிட்டியேப்பா, அன்னிக்கு உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

லூட்கர் அவளை உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "நான் எங்க மாத்தினேன்? எனக்கு உரிய இடத்துக்கு வந்தேன்."

ஹெட்விக் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி தடவியது.

லூட்கர் அன்றே முடிவைச் சொல்லிவிட்டார். டீர்க் பெயர் மாற்றினால் இம்கேவுக்குப் பண்ணை. இல்லாவிட்டால் ஓஸ்னாபுரூக்கில் இருக்கும் அன்ஸ்கருக்கு. அன்ஸ்கர் கிளெமென்ஸின் தம்பி பேரன், பல் மருத்துவர், சங்கத்தின் துணைத் தலைவர். மாடுகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றுக்கு மேல் முன்பற்கள் கிடையாது என்பதுதான். மாடுகளை விற்றுவிட்டு, தொழுவத்தில் விடுமுறைக்காரர்களுக்கு அறைகளும் குதிரைச் சவாரிப் பள்ளியும் வைக்கலாம் என்று அவர் ஏற்கெனவே ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். படத்தின் மூலையில் கழுகு இருந்தது. இம்கே அதைப் பார்த்தாள். பால் கறந்தாள், கன்று பார்த்தாள், வேறு பண்ணைகளில் மேலாளர் வேலை இருக்கிறதா என்று என்னிடம் விசாரித்தாள்.

அந்த வருடக் கூட்டம் ஜூனில். நடுக்கூடத்தில் வரிசையாக மேசைகள். பக்கத்துப் பண்ணைக்காரன் என்ற முறையில் பியர் ஊற்றும் வேலை எனக்கு. லூட்கர் மேடையேறினார். எழுநூறு வருடம் வந்தது, முப்பதுகளில் மலர்ந்தது, மண்ணோடு பேசும் ரத்தமும் வந்தது. பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பண்ணை யார் கைக்குப் போகணும்ங்கிறது என் சொந்த விஷயம்னு நான் நினைக்கல. இது நம்ம எல்லாரோட விஷயம். ஊலன்டீக்காப் பிறந்தவங்க கையிலதான் ஊலன்டீக் பண்ணை இருக்கணும். இதை இந்தச் சபை தீர்மானமா சொல்லணும்னு கேட்டுக்கறேன்."

முன்வரிசையில் அன்ஸ்கர் அடக்கமாகத் தரையைப் பார்த்தார். கைதட்டல். சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றிருந்த இம்கே, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, துணியில் கை துடைத்தாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குள் நடு மேசையிலிருந்து ஹெட்விக் எழுந்தார். இத்தனை வருடக் கூட்டங்களில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கேக்தான் வெட்டுவார்.

"தலைவரே, ஒரு சந்தேகம். பிறந்தவங்கன்னா யார் யாரு? ஊலன்டீக்காப் பிறந்தவங்க எல்லாம் கொஞ்சம் கை தூக்குங்களேன். பாத்துக்கலாம்."

வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தபடியே கை தூக்கினார்கள். பெயரோடு பிறந்த கிழவர்கள், அவர்கள் பிள்ளைகள், அன்ஸ்கர். எல்லாக் கைகளுக்கும் மேலே, மேடையில், கழுகு போட்ட கழுத்துப் பட்டையோடு, ஒரு கை மிக உயரமாக நின்றது.

அது லூட்கரின் கை.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. அவரும் இறக்கவில்லை. அவர் நடிக்கவில்லை என்பதுதான் பயங்கரம். கடைசி மேசையிலிருந்து ஒரு கிழவர் கூப்பிட்டார், மரியாதையாகவே.

"லூட்கர், கையை இறக்குப்பா. உங்கப்பன் பெர்ன்ட்டோட நான் கிழங்கு தோண்டியிருக்கேன்."

பிறகு கூடமே சிரித்தது. லூட்கரின் கை தானாக மடங்கி, இல்லாத சுருட்டை முடியைத் தடவியது. ஹெட்விக் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க" என்றார். "நான் இந்தப் பேரோடதான் பிறந்தேன். எங்க தாத்தா டெர்ஹோர்ஸ்ட். பாட்டி பக்கத்து ஊரு. பழைய ஊலன்டீக் ரத்தம் எங்கிட்டயும் கிடையாது, அன்ஸ்கர்கிட்டயும் கிடையாது. நீங்க எல்லாரும் சாப்பிட்டுட்டு வெளிய போறப்ப உத்தரத்தை அண்ணாந்து பாருங்க. கழுத்து வலிக்கும்னா இங்க பல் டாக்டர் இருக்காரு, கேட்டுக்கலாம்."

"ஹெட்விக்" என்றார் லூட்கர்.

"இன்னும் முடிக்கல. பண்ணை என்னோடது, லூட்கர். எப்பவுமே என்னோடதுதான். எங்கப்பா உனக்குப் பேரைத்தான் குடுத்தாரு. நீ உழைச்ச, நான் ஒண்ணும் சொல்லல. செவ்வாய்க்கிழமை நோட்டரிகிட்ட போய் இம்கே பேர்ல எழுதறேன். அவ பிள்ளைக்கு அவ என்ன பேர் வேணாலும் வைக்கட்டும். உனக்கும் எனக்கும் தோட்டத்து வீடு போதும்." பிறகு அண்டாவைப் பார்த்தார். "சூப் ஆறுது. இம்கே, ஊத்தும்மா."

இம்கே கரண்டியை எடுத்தாள். முதல் கிண்ணத்தில் பாதி மேசைவிரிப்பில் போனது.

செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்தார். லூட்கர் போகவில்லை. அவர் போகவேண்டிய தேவையும் சட்டத்தில் இல்லை, அதுதான் அவரை அதிகம் காயப்படுத்தியிருக்கும். சங்கத்துக்கு அன்ஸ்கர் தலைவரானார், கூட்டம் இப்போது ஓஸ்னாபுரூக்கில் ஒரு விடுதியில் நடக்கிறது. அங்கே உத்தரம் கிடையாது. லூட்கர் கழுகைக் கழற்றிக்கொண்டு போய்த் தோட்டத்து வீட்டின் முகப்பில் மாட்டினார். பெரிய பண்ணைக்கு அளவெடுத்துச் செய்தது என்பதால் பாதி ஜன்னலை அது மறைக்கிறது. ஹெட்விக் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு தைக்கிறார்.

இங்கேயே நிறுத்தினால் நல்ல முடிவு. நான் நிறுத்தப் போவதில்லை, ஏனென்றால் ஊர் நிறுத்தவில்லை. இம்கேவுக்கு மகன் பிறந்தான், ஹோல்ட் என்று பதிந்தார்கள். டீர்க் துப்பாக்கிச் சங்கத் திருவிழாவில் பியர் வாங்க நின்றால், "ஊலன்டீக்குக்கு ஒண்ணு ஊத்து" என்கிறார்கள்.

"என் பேரு ஹோல்ட்."

"அது உங்கம்மா வீட்ல. இங்க நீ ஊலன்டீக்."

டீர்க் ஒவ்வொரு முறையும் திருத்துகிறான். சலிக்காமல் திருத்துவதற்காக அவனை நான் மதிக்கிறேன். ஆனால் அவனுக்கு வாய் இருக்கிறது, மொழி இருக்கிறது, திருத்த முடிகிறது.

போன குளிர்காலத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் திணறியது. நான் போனபோது இம்கே கால்நடை மருத்துவரோடு தொலைபேசியில் இருந்தாள். "பின்கதவு பூட்டியிருக்கும். எங்க ருமேனியன் நிப்பான், அவன் திறப்பான்" என்றாள். அந்த மனிதர் இரண்டு வருடமாக அவளோடு சேர்ந்து பால் கறக்கிறவர். பண்ணைக் கோடியில், பழைய கூலிக் குடிசை இருந்த இடத்தில் போட்ட தகர அறையில் இருக்கிறார். ஊரில் அவரை "ஊலன்டீக் ருமேனியன்" என்கிறார்கள்.

"இம்கே, அவர் முழுப்பேர் என்ன?" என்று கேட்டேன்.

"வசிலே."

"முழுப்பேர்."

அவள் காது சிவந்தது. "கேட்டதே இல்ல" என்றாள். "சம்பளமெல்லாம் ஏஜென்சி மூலமா போகுது." அவள் தாத்தா பெர்ன்ட் க்ரூசேயின் மேல் அடித்த முத்திரையை, அவர் வழி வந்த குடும்பமே எடுத்து அடுத்தவர் மேல் அடித்துக்கொண்டிருந்தது. கெட்ட எண்ணத்தோடு அல்ல. பழக்கத்தோடு. அநியாயத்துக்குப் பழக்கத்தைவிட நல்ல வேலைக்காரன் கிடையாது.

கன்று விழுந்த பிறகு, கையைக் கழுவிக்கொண்டே அவரிடம் கேட்டாள். வசிலே ஸ்ட்ரெஜாரு என்று சொன்னார். அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள், இரண்டாவது முறை சரியாக வந்தது. அவர் கன்றை வைக்கோலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதைப் படித்து முடித்ததும் எனக்காக ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ கடையிலோ தோட்டத்திலோ வேலை செய்கிற ஒருவர் இருப்பார். "நம்ம வீட்டு ஆள்", "அந்த வடக்கத்திப் பையன்" என்று நீங்கள் சொல்கிற ஒருவர். நாளைக்கு அவர் வந்ததும், வேலையைச் சொல்வதற்கு முன்னால், அவருடைய முழுப்பெயரைக் கேளுங்கள். வாயில் நுழையாவிட்டால் நுழையும்வரை சொல்லிப் பாருங்கள். பிறகு, மற்றவர்கள் காது கேட்க, அந்தப் பெயரால் அவரைக் கூப்பிடுங்கள்.